மங்கா படியுங்கள், மங்காவைப் போலப் பேசாதீர்கள்

தம்பி, ஏப்ரலில் டோக்கியோவுக்கு வேலைக்கு வருவதாக எழுதியிருக்கிறீர்கள். மகிழ்ச்சி. வாடகை எவ்வளவு, சைவச் சாப்பாடு கிடைக்குமா, சம்பளத்தில் என்ன மிஞ்சும் என்றெல்லாம் கேட்டவற்றுக்குப் பதில் சொல்ல டோக்கியோவின் நிஷி-கசாய் பக்கம் நம்மவர்கள் நிறைய பேர் இருக்கிறார்கள். நடுவில் ஒரு வரி கேட்டீர்களே, "அனிமே பார்த்து, மங்கா படித்துப் பாதி புரிகிறது, வகுப்புக்குப் போகாமல் இதை வைத்தே பேசிப் பழகிவிடலாமா?" என்று. அதற்காகத்தான் எழுத உட்கார்ந்தேன். நானும் அந்தப் புத்தகங்களைப் பிடித்துக்கொண்டு மேலே வந்தவன்.

மங்கா என்கிற சித்திரக்கதையில் படிக்கக் கற்றுக்கொள்ளலாம், அனிமே என்கிற கார்ட்டூனில் காதைப் பழக்கலாம். வாயை மட்டும் அவற்றிடம் ஒப்படைக்காதீர்கள்.

அங்கே வருகிற பேச்சு மனிதர்கள் பேசுவது இல்லை, பாத்திரங்கள் பேசுவது. "நான்" என்பதற்குச் சண்டைக்காரக் கதாநாயகன் முரட்டுத்தனமாக "ஓரே" என்பான். கிழ விஞ்ஞானி "வாஷி" என்பார். இந்த ஊர் ஆய்வுக்கூடத்தில் எந்த விஞ்ஞானியும் அப்படிப் பேசி நான் கேட்டதில்லை. வாயைத் திறந்ததும் ஆள் யார் என்று வாசகருக்குத் தெரிய வேண்டும் என்பதற்காகக் கதைகளில் வளர்ந்த பேச்சு அது. கின்சுய் சதோஷி என்ற மொழியியலாளர் இதற்கு "யகுவரிகோ", அதாவது பாத்திரப் பேச்சு, என்று பெயர் வைத்து 2003இல் புத்தகமே எழுதினார். நம் சினிமா அடியாள் வசனத்தில் தமிழ் கற்ற ஒரு வெளிநாட்டுக்காரர், மயிலாப்பூர் வங்கியில் மேலாளரிடம் அதே தமிழைப் பேசினால் எப்படி இருக்கும் என்று நினைத்துக்கொள்ளுங்கள்.

தமிழில் டப் ஆகி நம் வீட்டுப் பிள்ளைகள் பார்த்து வளர்ந்த ஷின்-சானையே எடுத்துக்கொள்ளுங்கள். வீட்டுக்குள் நுழைகிறவர் "ததைமா" என்று சொல்ல வேண்டும், உள்ளே இருப்பவர் "ஒகாஎரி" என்று வரவேற்க வேண்டும். அவனோ நுழையும்போதே "ஒகாஎரி" என்பான். அது தப்பு என்று தெரிந்ததால் ஜப்பானியக் குழந்தை சிரிக்கிறது. நீங்கள் அதைப் பாடமாக எடுத்துக்கொண்டுவிடுவீர்கள்.

எங்கள் அலுவலகத்துக்கு ஒரு பையன் வந்தான். அனிமேயில் ஊறியவன், மழை மாதிரி பேசுவான், உச்சரிப்பும் அருமை. வாடிக்கையாளர் கூட்டத்தில் தன்னை "ஓரே" என்றான், எதிரில் இருந்தவரை "நீ" என்பதுபோல "ஒமாஎ" என்றான். அவர் சிரித்த முகத்தோடு "ஜப்பானிய மொழி நன்றாகப் பேசுகிறீர்கள்" என்றார். அடுத்த வாரத்திலிருந்து அவனுக்கு வரவேண்டிய மின்னஞ்சல்கள் வேறொருவருக்குப் போகத் தொடங்கின. ஏன் என்று அவனுக்குக் கடைசிவரை யாரும் சொல்லவில்லை. இந்த ஊரில் பயப்பட வேண்டியது இதற்குத்தான். முகத்துக்கு நேரே யாரும் திருத்த மாட்டார்கள், பாராட்டிவிட்டு விலகிப் போவார்கள். திருத்துவதற்கென்றே ஒரு ஆள் உங்களுக்கு வேண்டும். அவரைத்தான் ஆசிரியர் என்கிறோம்.

இன்னொரு எச்சரிக்கை நம் ஆட்களுக்கு மட்டும் உரியது. ஜப்பானியச் சொற்களைத் தமிழ் எழுத்தில் எழுதிப் படிக்காதீர்கள். இங்கே எனக்கு வேறு வழியில்லை, எழுதுகிறேன். "ககி" என்று எழுதினால் அது பழமா, சாவியா? இரண்டு சொல்லுக்கும் இடையே இருப்பது க-வின் வல்லோசை மெல்லோசை வித்தியாசம்தான், நம் எழுத்து அதைக் காட்டாது. அவர்களுடைய ஒலியெழுத்து இரண்டு வகை: ஹிராகானா 46 எழுத்து, கதகானா 46 எழுத்து. 247 எழுதிப் பழகிய கைக்கு இது பெரிய விஷயமா? விமானம் ஏறுமுன் முடித்துவிடுங்கள்.

பலம் எங்கே என்றும் சொல்கிறேன். குறில் நெடில் நமக்குப் பிறவியிலேயே வந்தது. "ஒபசான்" என்றால் அத்தை, "ஒபாசான்" என்றால் பாட்டி. வெள்ளைக்காரர்கள் இதில் வருடக்கணக்கில் திணறுவார்கள். வினைச்சொல் பின்னால் வருகிற ஒழுங்கும் நம்முடையதே. "சாப்பிட்டுப் பார்" என்று நாம் சொல்வதை அவர்களும் "தபெதெ மிரு" என்று அப்படியே "பார்" போட்டுச் சொல்கிறார்கள். "வாங்கி வை" என்பதிலும் "வை" அதே இடத்தில் வரும். ஓனோ சுசுமு என்ற பேராசிரியர் இரண்டு மொழிக்கும் உறவு உண்டு என்று வாழ்வின் பிற்பகுதியெல்லாம் எழுதினார். மொழியியலாளர்கள் பெரும்பாலோர் ஏற்கவில்லை. உறவு இருக்கட்டும், இல்லாமல் போகட்டும். தமிழில் யோசித்தால் நேரே போய்ச் சேருகிற வாக்கியத்தை, ஆங்கிலப் புத்தகத்தையும் ஆங்கில சப்டைட்டிலையும் நம்பித் தலைகீழாகத் திருப்பிக் கற்கிறார்களே நம் பிள்ளைகள், அதுதான் எனக்கு ஆற்றாமை.

மங்கா தருகிற பெரிய கொடை இரட்டைக்கிளவி. பக்கத்துக்குப் பக்கம் படத்தின் மேலேயே எழுதியிருக்கும். நெஞ்சு படபடத்தால் "தோகி தோகி", நட்சத்திரம் மினுமினுத்தால் "கிரா கிரா". பாடப்புத்தகங்கள் இதைத் தொட்டுவிட்டுப் போய்விடும். ஆனால் மருத்துவரிடம் போனால் அவர் முதலில் கேட்பதே இதுதான்: வலி "ஸுகி ஸுகி" என்று இருக்கிறதா, "சிகு சிகு" என்றா, "ஹிரி ஹிரி" என்றா? விண்விண்ணென்று தெறிக்கிறதா, சுருக் சுருக்கென்று குத்துகிறதா, எரிகிறதா என்று நம் ஊர் வைத்தியர் கேட்பாரே, அதேதான். முதல் குளிர்காலத்தில் பல்வலியோடு ஒரு மருத்துவமனையில் உட்கார்ந்தபோது நான் சரியாகப் பதில் சொன்னேன் என்றால், அது குழந்தைகள் மங்கா படித்த புண்ணியம்.

நான் வந்தது 2003 கடைசியில். கவாசாகியில் கம்பெனி விடுதி, ஒற்றை அறை, ஜன்னலைத் திறந்தால் ரயில் பாதை. கைப்பேசியைக் காட்டினால் எழுத்தைப் படித்துச் சொல்கிற வசதியெல்லாம் அப்போது கிடையாது. கான்ஜி என்பது சீனத்திலிருந்து வந்த எழுத்து, தெரியாத கான்ஜியை அகராதியில் தேட வேண்டுமென்றால் கோடுகளை எண்ண வேண்டும். சிறுவர் மங்காவில் மட்டும் ஒவ்வொரு கான்ஜிக்கும் பக்கத்தில் உச்சரிப்பைச் சின்ன ஹிராகானாவில் போட்டிருப்பார்கள், ஃபுரிகானா என்று பெயர். அதைப் பார்த்து ஒலியை வைத்தே தேடிவிடலாம். பெரியவர்களுக்கான இதழ்களில் பெரும்பாலும் இது இருக்காது, வாங்குமுன் புரட்டிப் பாருங்கள். பழைய புத்தகக் கடையில் நூறு யென் அடுக்கு ஒன்று இருக்கும், ஞாயிற்றுக்கிழமைகளில் என் வாசம் அதன் முன்னால்தான். இப்போது வார்டு நூலகத்திலேயே இலவசமாகக் கிடைக்கிறது.

விடுதிக்குக் கீழே பெந்தோ என்கிற பெட்டிச்சாப்பாட்டுக் கடை வைத்திருந்த பாட்டியிடம் புத்தகத்தை நீட்டிப் புரியாத ஒலிச்சொல்லைக் காட்டுவேன். அவர் விளக்கம் சொல்ல மாட்டார், நடித்துக் காட்டுவார். "சகு சகு" என்பதற்குப் பொரித்ததை எடுத்து என் எதிரே மொறுமொறுவென்று கடித்தார். நான் முட்டைகூடத் தொடாதவன் என்று தெரிந்ததும் எனக்கென்று சோற்றுருண்டையில் ஊறுகாய்ப் பழம் வைத்துக் கட்டிக்கொடுத்தார். பாதி ஜப்பானிய மொழி அந்தக் கல்லாப்பெட்டிக்கு எதிரே நின்று வந்தது. இன்று எங்கள் குடியிருப்புச் சங்கக் கூட்டத்தில் எழுந்து நின்று குப்பை பிரிக்கும் முறையைப் பற்றி ஜப்பானியர்களுக்கு நான் விளக்குகிறேன் என்றால், அதில் எனக்குப் பெருமைதான்.

நம்மவர்களில் இரண்டு கூட்டம் உண்டு, இரண்டிலும் சேராதீர்கள். பதினைந்து வருடம் இங்கே இருந்தும் பள்ளியிலிருந்து கடிதம் வந்தால் பிள்ளையைக் கூப்பிட்டுப் படிக்கச் சொல்கிறவர்கள் ஒரு கூட்டம். பத்து வயதுக் குழந்தை தாய்க்கு மருத்துவமனையில் மொழிபெயர்க்க நிற்பதைப் பார்க்கும்போது எனக்கு வயிறு எரியும். இன்னொன்று, ஜப்பானிய மொழித் தேர்வின் உச்ச நிலையான என்1 சான்றிதழைச் சட்டம் போட்டு மாட்டிவிட்டு, மேசைத் தொலைபேசி அடித்தால் எடுக்கத் தயங்குகிற கூட்டம். அந்தத் தேர்வில் பேசும் பகுதியே கிடையாது, எழுதவும் வேண்டியதில்லை. தேர்வை எழுதுங்கள், வேலைக்கு உதவும். அதோடு மொழி முடிந்தது என்று நினைக்காதீர்கள்.

பேச்சுக்கு எதைப் பார்க்கலாம் என்றால், தெருவில் சாதாரண ஜனங்களை நிறுத்திப் பேட்டி எடுக்கிற தொலைக்காட்சி நிகழ்ச்சிகளைப் பாருங்கள். பேசியதையே திரையில் எழுத்தாகவும் போடுவார்கள். ரிமோட்டில் "ஜிமாகு" என்ற பொத்தானை அழுத்தினால் பல நிகழ்ச்சிகளுக்கு முழு வசனமும் வரும். செய்திக்கு என்எச்கேயின் எளிய ஜப்பானியச் செய்திகள் இருக்கின்றன, ஃபுரிகானாவோடு. கொஞ்சம் காது பழகியதும் ஷின்ஜுகுவின் சுயேஹிரோதேய் அரங்கத்துக்கு ராகுகோ என்கிற கதைசொல்லல் கேட்கப் போங்கள். ஒரே ஆள் மெத்தையில் உட்கார்ந்து, விசிறியும் கைத்துண்டும் மட்டும் வைத்துக்கொண்டு வீட்டுக்காரர், குடித்தனக்காரர், மனைவி எல்லாருமாகப் பேசுவார். மொழி பழையது. ஆனாலும் யார் யாரிடம் எப்படிக் குரலைத் தாழ்த்துகிறார்கள் என்பதை அங்கே கேட்டதுபோல நான் எந்த அனிமேயிலும் கேட்டதில்லை.

வீட்டில் குடியேறிய 14 நாளுக்குள் வார்டு அலுவலகத்தில் முகவரியைப் பதிய வேண்டும். பதிந்த கையோடு, தன்னார்வலர்கள் நடத்தும் ஜப்பானிய வகுப்புகளின் பட்டியலை அங்கேயே கேட்டு வாங்குங்கள். பல இடங்களில் கட்டணம் பெயருக்குத்தான் இருக்கும், ஓய்வுபெற்றவர்கள் பொறுமையாகச் சொல்லிக்கொடுப்பார்கள். நீங்கள் படிக்கிற மங்காவையும் எடுத்துக்கொண்டு போய், இந்த வாக்கியத்தை அலுவலகத்தில் எப்படிச் சொல்வது என்று வரி வரியாகக் கேளுங்கள்.