பிள்ளைகளுக்குப் பல் சொத்தை: தவறு வளர்ப்பிலா?

கேள்வி: நானும் கணவரும் ஷிஃப்ட் வேலை பார்க்கிறோம். ஆறு வயது மகனுக்கு நான்கு பற்களில் சொத்தை. பத்து வயது மகள் இரண்டு இரவுகள் பல்வலியால் தூங்கவில்லை. இப்போது வலி தானாக நின்றுவிட்டது. வசதியான வீட்டுப் பிள்ளைகளும் இனிப்பு சாப்பிடத்தானே செய்கிறார்கள்? தவறு எங்கள் வளர்ப்பிலா?

பதில்: உங்களை நொந்துகொள்ளாதீர்கள். முதலில் மகள். அந்த வலி நின்றதுதான் கவலை தருகிறது. குளிர்ச்சி பட்டுக் கூசி, சில நொடிகளில் அடங்கினால் பல்லின் நரம்பு உயிரோடு இருக்கிறது. தூக்கத்தைக் கெடுத்த வலி சட்டென நின்றால் நரம்பு செத்திருக்கலாம்; தொற்று வேர் நுனிக்கு இறங்கும். இந்த வாரமே மருத்துவரிடம் காட்டுங்கள். முகம் வீங்கினாலோ, காய்ச்சல் வந்தாலோ, வாய் திறக்கவோ விழுங்கவோ முடியாவிட்டாலோ அன்றே அவசரப் பிரிவுக்குப் போக வேண்டும். வீட்டில் மிச்சமிருக்கும் ஆன்டிபயாடிக் கொடுக்காதீர்கள், சொத்தை அப்படியேதான் இருக்கும்.

இனிப்பின் அளவோடு, எத்தனை தடவை என்பதும் முக்கியம். சர்க்கரை படும்போதெல்லாம் கிருமிகள் அமிலம் உண்டாக்குகின்றன. வாயின் பிஎச் (அமிலத்தன்மையைக் காட்டும் அளவு; குறையக் குறைய அமிலம் அதிகம்) 5.5-க்குக் கீழே இறங்கினால் பல்லின் மேலுறையான எனாமல் கரையத் தொடங்கும். உமிழ்நீர் அதைச் சரிக்கட்ட அரை மணி நேரமாவது ஆகும். பெற்றோர் இருவரும் வேலைக்குப் போய்விட்டால் பிள்ளைகள் பிஸ்கட்டும் ஜூஸுமாக நாள் முழுக்கக் கொறிப்பார்கள். அந்த அரை மணி கிடைப்பதே இல்லை. வசதியுள்ள வீட்டில் சொத்தை வெள்ளைப் புள்ளியாக இருக்கும்போதே ஃப்ளூரைடு வார்னிஷ் என்ற பாதுகாப்புப் பூச்சைப் பூசிவிடுகிறார்கள். உங்களுக்கோ மருத்துவரிடம் போனால் ஒரு நாள் சம்பளம் போகும், அதனால் வலி வந்த பிறகே போகிறீர்கள். சின்ன அடைப்போடு முடிந்திருக்க வேண்டியது வேர் சிகிச்சையாகி, அதற்கும் பணமில்லாமல் பல்லைப் பிடுங்குவதில் போய் நிற்கிறது. இதை அலட்சியம் என்று சொல்வது நியாயமில்லை.

மகனுக்கு 38 சதவீத சில்வர் டயமைன் ஃப்ளூரைடு என்ற திரவ மருந்து பொருந்துமா என்று கேளுங்கள். ஊசியும் டிரில்லும் இல்லாமல் தடவுவது. பெரும்பாலும் சொத்தை அதற்குமேல் பரவாது. அந்த இடம் நிரந்தரமாகக் கறுத்துவிடும், அதற்குத் தயாராக இருங்கள். நரம்பு வரை போன பல்லுக்கு இது உதவாது. 2021-இல் உலக சுகாதார நிறுவனம் இதைத் தன் அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் சேர்த்தது.

பேஸ்ட் விலை உயர்ந்ததாக இருக்க வேண்டியதில்லை. ஃப்ளூரைடு 1000 பிபிஎம்முக்குக் (பத்து லட்சத்தில் ஆயிரம் பங்கு) குறையக் கூடாது, அவ்வளவுதான். பட்டாணி அளவு போதும். தேய்த்ததும் துப்பட்டும், தண்ணீர் விட்டுக் கொப்பளிக்க வேண்டாம். தூக்கத்தில் உமிழ்நீர் குறைவதால் இரவுத் தேய்ப்பைத் தவறவே விடக் கூடாது. அதன்பின் தண்ணீர் மட்டும். ஏழெட்டு வயது வரை பிள்ளைகளுக்குத் தாமாகச் சரியாகத் தேய்க்க வராது. எந்த ஷிஃப்ட்டானாலும், இரவு வீட்டில் இருப்பவர் மகனுக்குத் தேய்த்துவிடுங்கள்.