ரத்த வகை பொருந்தியும் கணவரின் சிறுநீரகம் ஏன் வேண்டாம் என்கிறார்கள்?

கேள்வி: எனக்கு 38 வயது. சிறுநீரகம் செயலிழந்து டயாலிசிஸ் செய்துவருகிறேன். கணவர் சிறுநீரகம் தர முன்வந்தார். இருவருக்கும் ஒரே ரத்த வகை. ஆனால் ‘கிராஸ் மேட்ச் பாசிட்டிவ்’ என்று சொல்லி அறுவை சிகிச்சையை நிறுத்திவிட்டார்கள். எனக்கு எத்தனை பிரசவம் ஆனது என்றும் டாக்டர் கேட்டார் (இரண்டு). அதற்கும் இதற்கும் என்ன தொடர்பு?

பதில்: நிறையத் தொடர்பு இருக்கிறது. ரத்த வகை முதல் படிதான். அதைத் தாண்டி, கிட்டத்தட்ட எல்லா செல்களின் மேற்பரப்பிலும் எச்.எல்.ஏ. என்ற புரதங்கள் இருக்கின்றன. உங்கள் குழந்தைகளுக்கு அதில் பாதி உங்களிடமிருந்தும் பாதி கணவரிடமிருந்தும் வந்திருக்கும். கர்ப்பத்திலும் பிரசவத்திலும் குழந்தையின் செல்கள் கொஞ்சம் தாயின் ரத்தத்தில் கலக்கும். அதிலுள்ள தந்தையின் எச்.எல்.ஏ.வை அந்நியமாக நினைத்து, தாயின் உடல் அதைத் தாக்கும் ஆன்டிபாடிகளை (எதிர்ப்புப் புரதங்களை) உருவாக்கிவிடலாம். எல்லோருக்கும் இப்படி ஆவதில்லை; ஆனாலும் வெளியே எதுவும் தெரியாது என்பதால் பரிசோதித்துத்தான் அறிய முடியும். ரத்தம் ஏற்றிக்கொண்டவர்களுக்கும், முன்பே ஒருமுறை மாற்று சிகிச்சை செய்தவர்களுக்கும் இது வரலாம்.

கிராஸ் மேட்ச் என்பது உங்கள் சீரத்தை (ரத்தத்தில் செல்களை நீக்கிய திரவப் பகுதியை) கணவரின் வெள்ளணுக்களோடு சேர்த்துப் பார்க்கும் பரிசோதனை. பாசிட்டிவ் என்றால், அவருடைய செல்களைத் தாக்கும் ஆன்டிபாடி உங்களிடம் இருக்கலாம் என்று அர்த்தம். ஆன்டிபாடி இருக்கும்போது சிறுநீரகத்தைப் பொருத்தினால், அது ரத்தக்குழாய்களின் உட்சுவரில் போய் ஒட்டும். அங்கே ரத்தம் உறைந்து, சில நிமிடங்களிலோ சில மணி நேரத்திலோ சிறுநீரகம் செத்துப்போகலாம். 1969இல் பட்டேலும் டெராசாகியும் வெளியிட்ட ஆய்வில், கிராஸ் மேட்ச் பாசிட்டிவாக இருந்த 30 பேரில் 24 பேருக்கு உடனடியாகச் சிறுநீரகம் வீணானது; நெகட்டிவாக இருந்த 195 பேரில் 8 பேருக்கு மட்டுமே அப்படி ஆனது. அதனால் உங்கள் டாக்டர் நிறுத்தியது சரிதான்.

சரி, இத்தோடு கதவு மூடிவிட்டதா? இல்லை. எந்த முறையில் பார்த்தார்கள், டி செல், பி செல் என்ற இரு வகை வெள்ளணுக்களில் எதில் பாசிட்டிவ் என்று கேளுங்கள். உடம்பு தன் செல்களுக்கு எதிராகவே உருவாக்கும் ஆன்டிபாடியாலும் சில சமயம் பொய்யாகப் பாசிட்டிவ் வரும். கணவரின் எந்த எச்.எல்.ஏ.வுக்கு எதிராக, எவ்வளவு ஆன்டிபாடி இருக்கிறது என்பதைத் தனிப் பரிசோதனையில் அறியலாம். அளவு குறைவாக இருந்தால் பிளாஸ்மா மாற்றம், இம்யூனோகுளோபுலின் ஊசி போன்றவற்றால் அதைக் குறைத்துவிட்டுச் செய்கிறார்கள். ஆனால் பின்னால் நிராகரிப்பு (புதிய சிறுநீரகத்தை உடல் ஏற்காமல் தாக்குவது) வரும் ஆபத்து மற்றவர்களைவிட அதிகம்; செலவும் அதிகம். வேறு தம்பதியுடன் தானத்தை மாற்றிக்கொள்ளும் வழி கிடைத்தால், நான் அதைத்தான் முதலில் யோசிக்கச் சொல்வேன். பொருந்துகிற வேறு உறவினர் இருந்தாலும் பாருங்கள்.

இன்னொன்று. ஆன்டிபாடி முன்பே இருந்தால்தான் ஆபத்து என்றில்லை, மாற்று சிகிச்சைக்குப் பிறகு புதிதாகவும் உருவாகும். நிராகரிப்பைத் தடுக்கும் டாக்ரோலிமஸ் போன்ற மாத்திரைகளை அவ்வப்போது விட்டுவிடுவது அதற்கு முக்கியக் காரணம். அப்படி மெல்ல மெல்ல வரும் நாள்பட்ட நிராகரிப்புக்கு இன்றுவரை நிச்சயமான மருந்து இல்லை.

இப்போதைக்கு, தவிர்க்க முடிந்தவரை ரத்தம் ஏற்றிக்கொள்ளாதீர்கள். ரத்தசோகைக்கு, சிவப்பணுக்கள் உருவாகத் தூண்டும் எரித்ரோபாய்ட்டின் ஊசியும் இரும்புச்சத்தும் போதுமா என்று டாக்டரிடம் கேளுங்கள். ஏற்றியே ஆகவேண்டிய அவசரம் வந்தால் ஏற்றிக்கொள்ளுங்கள். அப்புறம் மாற்று சிகிச்சைக் குழுவிடம் சொல்லி ஆன்டிபாடி பரிசோதனையை மறுபடி செய்துவிடுங்கள்.