தெற்கு ஒன்ராறியோவில் வீட்டுப் புல்தரை: வசந்தத்தில் பசளையும் விதையும் போட்டும் யூலையில் ஏன் திட்டுத்திட்டாகக் கருகிவிடுகிறது?

பருவம் மாறிப் போடுவதுதான் முக்கிய காரணம். ரொறன்ரோ, மார்க்கம், பிரம்ரன் பக்கத்து வீடுகளில் இருப்பது பெரும்பாலும் கென்ரக்கி புளூகிராஸ், கூடவே கொஞ்சம் ரைகிராஸ், ஃபெஸ்கியூ. எல்லாமே குளிர்தேசத்துப் புற்கள். 15 முதல் 24 பாகை செல்சியஸ்தான் இவற்றுக்குப் பிடித்த வெப்பநிலை. 30ஐத் தாண்டினால் வளர்ச்சி நின்றுவிடும். ஏப்ரலில் நைட்ரசன் கொடுத்தால் இலை மளமளவென்று ஏறும், வேர் பின்தங்கிவிடும். மே மாதம் போட்ட விதை முளைத்து ஆழமாக வேர்விடும் முன்பே வெயில் வந்துவிடும். ஓகஸ்ட் நடுப்பகுதி தாண்டினால் மண்ணில் சூடு மிச்சமிருக்கும், காற்று குளிரும், களைகளின் போட்டியும் குறையும். வருடத்துக்கு ஒருமுறைதான் செலவழிக்க முடியும் என்றால் அதை ஓகஸ்ட் நடுப்பகுதிக்கும் செப்ரெம்பர் நடுப்பகுதிக்கும் இடையில் செய்யுங்கள்.

முதலில் மண்ணைப் பாருங்கள். புதுக் குடியிருப்புகளில் கனரக வாகனங்கள் மிதித்து இறுகிய களிமண்ணின் மேல் மெல்லிய மேல்மண்ணைப் பரப்பி, அதன்மேல் சோட் (மண்ணோடு வெட்டியெடுத்த புல் விரிப்பு) விரித்திருப்பார்கள். மழை பெய்து இரண்டு நாள் கழித்து நீளமான ஸ்குரூடிரைவர் ஒன்றைக் குத்திப் பாருங்கள். ஐந்தாறு அங்குலம் இறங்காவிட்டால் எவ்வளவு பசளை போட்டும் பயன் குறைவு. மண்ணை உருளை உருளையாகப் பிடுங்கி வெளியே போடும் எயரேற்றர் இயந்திரத்தை வாடகைக்கு எடுத்து, நெடுக்காக ஒருமுறை, குறுக்காக ஒருமுறை ஓட்டுங்கள். மண் ஈரமாக இருக்கவேண்டும், சேறாக இருக்கக்கூடாது. உருளைகள் 2 முதல் 3 அங்குல நீளம் வரவேண்டும். அவற்றை அள்ளாதீர்கள், தானாகக் கரைந்துவிடும். ஆணி வைத்த செருப்பால் குத்துவதை நான் பரிந்துரைக்கமாட்டேன். களிமண்ணில் அது துளையின் சுவரை இன்னும் இறுக்கத்தான் செய்யும்.

விதைக்க ஏற்ற காலம் ஓகஸ்ட் 15 முதல் செப்ரெம்பர் நடுப்பகுதி வரை. புல்லை 2 அங்குலத்துக்கு வெட்டி, எயரேற்றர் ஓட்டியவுடன் 1000 சதுர அடிக்குச் சுமார் 2 கிலோ கலப்பு விதையைத் தூவுங்கள். பாதியை ஒரு திசையிலும் மீதியை அதற்குக் குறுக்காகவும் தூவினால் வரி விழாது. ரேக்கினால் மெதுவாக இழுத்து, மேலே கால் அங்குலம் கொம்போஸ்ட் பரப்புங்கள். விதை மண்ணைத் தொடாமல் பழைய புல்லின்மேல் தங்கினால் காய்ந்து வீணாகும். பிறகு மேல்மண் காயாதபடி தினமும் இரண்டு மூன்று தடவை லேசாகத் தெளிக்கவேண்டும். இங்கேதான் பலர் கைவிடுகிறார்கள்: ரைகிராஸ் ஒரு வாரத்தில் முளைத்ததும் வேலை முடிந்தது என்று தண்ணீரை நிறுத்திவிடுவார்கள். புளூகிராஸ் முளைக்க இரண்டு முதல் நான்கு வாரம் ஆகும். முளைவிட்ட நேரத்தில் ஒருநாள் காய்ந்தாலே அது போய்விடும்.

நோர்வே மேப்பிள் மரத்தடியில் எதைப் போட்டாலும் புல் நிலைப்பது கடினம். நிழலும் மேலோட்டமான வேரும் சேர்ந்து தண்ணீரையும் வெளிச்சத்தையும் எடுத்துக்கொள்ளும். அங்கே மரச்சீவல் போட்டு மூடுவதே மேல்.

பசளைக் கணக்கு எளிது. ஒரு தடவைக்கு 1000 சதுர அடிக்குச் சுமார் 450 கிராம் நைட்ரசன். பையில் 30-0-3 என்று இருந்தால் அதில் 30 சதவீதம் நைட்ரசன், ஆகவே 1.5 கிலோ பசளை. செப்ரெம்பர் தொடக்கத்துத் தடவை மிக முக்கியம். மே கடைசியில் மெதுவாகக் கரையும் வகையில் இன்னொன்று போடலாம். யூலை வெயிலில் போடவே போடாதீர்கள்.

வெட்டும் உயரம் 3 அங்குலம். ஒரே தடவையில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் எடுக்கக்கூடாது. நண்டுப்புல் (crabgrass என்ற களை) பரவியிருக்கிறது என்றால் பெரும்பாலும் ஒட்ட வெட்டுகிறீர்கள் என்று அர்த்தம்: அதன் விதைக்கு வெளிச்சமும் சூடான வெற்று மண்ணும் வேண்டும், உயரமான புல் இரண்டையும் மறைத்துவிடும். வெட்டிய மறுநாள் நுனிகள் வெள்ளையாகக் கிழிந்திருந்தால் மோவரின் பிளேட்டைத் தீட்டுங்கள். வெட்டிய துண்டுகளை அங்கேயே விடுங்கள், அதுவும் பசளைதான்.

தண்ணீர் மழையோடு சேர்த்து வாரத்துக்கு ஓர் அங்குலம். வெறும் டூனா டின் ஒன்றை ஸ்பிரிங்ளர் எட்டும் இடத்தில் வைத்தால் எவ்வளவு நேரத்தில் அதில் ஓர் அங்குலம் நிறைகிறது என்று தெரியும். களிமண்ணில் தண்ணீர் வழிந்தோடினால் அரை மணிநேரம் நிறுத்திவிட்டு மீண்டும் விடுங்கள். யூலையில் புல் பழுப்பாவது பெரும்பாலும் உறக்கம்தான், சாவு அல்ல. இரண்டு மூன்று வாரத்துக்கு ஒருமுறை அரை அங்குலம் விட்டாலே அடித்தண்டு உயிரோடு இருக்கும். ஒரு வாரம் ஊற்றி எழுப்பி, மறுவாரம் விட்டுவிடுவதுதான் அதை உண்மையில் கொல்லும்.

பழுப்பான இடத்தைப் பிடித்து இழுத்ததும் பாய் போலக் கையோடு வந்தால் அது வெயில் அல்ல, வேரைத் தின்னும் வண்டுப் புழு. ஸ்கங்க், ரக்கூன் இரவில் கிளறுவதும் இதற்காகத்தான். ஒரு சதுர அடியை மூன்று பக்கம் வெட்டிப் புரட்டி எண்ணுங்கள். ஐந்துக்கு மேல் இருந்தால் நெமற்றோட் (இந்தப் புழுவைக் கொல்லும் நுண்ணிய உருளைப்புழு) விடலாம். ஓகஸ்ட் கடைசியிலிருந்து செப்ரெம்பர் நடுப்பகுதிவரை புழு சின்னதாக, மேல்மண்ணில் இருக்கும்போது விடவேண்டும். வசந்தத்துப் பெரிய புழுவை அது எளிதில் வெல்லாது. நெமற்றோட் உயிருள்ளது. காலாவதி நாளைப் பார்த்து வாங்கிக் குளிர்சாதனப் பெட்டியில் வையுங்கள். வெயில் பட்டால் செத்துவிடும் என்பதால் மாலையில் மட்டும் விடுங்கள், முன்னும் பின்னும் மண்ணை நனையுங்கள்.

களைக்கொல்லி பற்றி: 2009 ஏப்ரல் 22 முதல் ஒன்ராறியோவில் வீட்டுப் புல்தரையில் 2,4-டி போன்றவற்றை அழகுக்காக அடிப்பதற்குத் தடை. இரும்பு சார்ந்த தெளிப்பு அனுமதிக்கப்பட்டது. டன்டேலியன் இலை சில மணிநேரத்தில் கறுக்கும், ஆனால் வேரிலிருந்து திரும்பத் தளிர்க்கும், அதனால் மூன்று நான்கு வாரம் கழித்து மறுபடி அடிக்கவேண்டும். டிரைவ்வேயில் பட்டால் துருக்கறை விழும், உடனே கழுவுங்கள். களை முளைக்காமலிருக்கக் கோர்ன் குளூட்டன் (சோளத்திலிருந்து எடுக்கும் புரதத் தூள்) போட்டால் அந்தச் சமயத்தில் புல்விதை போடாதீர்கள்; அது முளைக்கும் எல்லா வேரையும் தடுக்கும்.

வசந்தத்தில் மண் சதசதவென்று இருக்கும்வரை மிதிக்காதீர்கள். பனி கரைந்த இடத்தில் சாம்பல் அல்லது இளஞ்சிவப்பு நிறத்தில் அப்பிக் கிடக்கும் வட்டங்கள் பனிப்பூஞ்சை. காய்ந்தபின் லேசாக ரேக் போட்டால் பெரும்பாலும் மீளும். நடைபாதை ஓரம் கருகியிருப்பது உப்பு. நிலம் உருகியதும் இரண்டு மூன்று தடவை ஆழமாக நனைத்து உப்பைக் கீழே இறக்குங்கள். செப்ரெம்பரில் அங்கே உப்பைத் தாங்கும் படரும் செந்நிற ஃபெஸ்கியூ கலந்த விதையைப் போடுங்கள், புளூகிராஸ் அந்த ஓரத்தில் மறுபடி கருகும்.