அந்தி அரைமணி: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: என் வீட்டுக்காரர் தினமும் மலை தாண்டி தென்மலைப் பக்கம் கொத்து வேலைக்குப் போகிறார். இருட்டுகிற நேரம் வந்து சேர்ந்ததும் பிள்ளைகள் மேல் எரிந்து விழுகிறார். செலவில்லாமல் ஏதாவது வழி உண்டா?
வாசகி, புளியரை

பதில்: உண்டு. அவர் வாசலில் செருப்பைக் கழற்றும்போதே கரண்ட் பில், பள்ளிக்கூடப் பணம் என்று பேச்சை எடுக்காதீர்கள். அரைமணி கழித்துக் கேட்டாலும் அந்தத் தொகை மாறப்போவதில்லை. அந்த அரைமணியில் காலை வெந்நீரில் வைக்கட்டும்.

முதலில் காலில் ஒட்டிய சிமெண்டைப் பச்சைத்தண்ணீரிலும் சோப்பிலும் நன்றாகக் கழுவ வேண்டும். சிமெண்ட் தோலை அரித்து வெடிக்க வைக்கும். பிறகு அகலமான பேசினில் ஐந்து செம்பு பச்சைத்தண்ணீர் ஊற்றி, அதன்மேல் ஒரு செம்பு கொதிநீரைக் கலந்தால் சூடு சுமார் 40 டிகிரிக்கு வரும். கொதிநீரை முதலில் ஊற்றி விளாவப் போனால் சின்னப்பிள்ளைகள் கைவிட்டுச் சுட்டுக்கொள்வார்கள். முழங்கையை நனைத்துப் பாருங்கள். இதமாக இருந்தால் சரி. கணுக்கால் முங்க 15 நிமிடம் போதும். ஒரு பிடி கல்லுப்பு போடலாம், ஆனால் அலுப்பைப் போக்குவது சூடுதான், உப்பு இல்லை. கடையில் விற்கும் வாசனை உப்புக்குக் காசு செலவழிக்க வேண்டாம். துடைக்கும்போது விரலிடுக்கில் ஈரம் நின்றால் சேற்றுப்புண் வரும். அங்கே நன்றாகத் துடைத்துவிட்டு, குதிகாலில் மட்டும் தேங்காய் எண்ணெய் தடவுங்கள்.

சர்க்கரை நோய் இருந்தாலோ, காலில் மதமதப்போ புண்ணோ இருந்தாலோ இது வேண்டவே வேண்டாம். சுடுவது தெரியாமலே தோல் வெந்துவிடும்.

இன்னொன்று: அந்த வெந்நீரை நீங்கள்தான் போட்டுத் தர வேண்டும் என்றில்லை, அவரே போடட்டும். உங்களுக்கும் அதே அரைமணி வேண்டும். அந்த நேரம் நாலு டம்ளர் சுக்குக் காப்பி அடுப்பில் கொதிக்கலாம். நாலரை டம்ளர் தண்ணீரில் கட்டைவிரல் அளவு சுக்கைத் தட்டிப்போட்டு, இரண்டு டீஸ்பூன் மல்லி, ஆறு மிளகு சேர்த்து நாலு டம்ளராகச் சுண்ட விடுங்கள். 70 கிராம் கருப்பட்டியைத் தனியாகக் கரைத்து வடிகட்டித்தான் சேர்க்க வேண்டும். அடியில் மண் தங்கும். பால் ஊற்றுவதானால் அடுப்பை அணைத்தபின். கொதிக்கும்போது ஊற்றினால் திரிந்துபோகும்.

கேள்வி: சாப்பிட்டதும் ஆளுக்கு ஒரு போனோடு ஒதுங்கிவிடுகிறார்கள். எல்லோரும் சேர்ந்து உட்கார ஒரு விளையாட்டுச் சொல்லுங்கள்.
வாசகர், பண்பொழி

பதில்: பல்லாங்குழி. கட்டை வாங்கத் தேவையில்லை. தட்டோடியில், அதாவது மொட்டைமாடியில், சாக்பீஸால் எதிரெதிரே ஏழேழு வட்டம் போடுங்கள். வட்டத்துக்கு 5 வீதம் 70 புளியங்கொட்டை. தொடங்குமுன் 70 இருக்கிறதா என்று சின்னவனை எண்ணச் சொல்லுங்கள். பாதி ஆட்டத்தில் வரும் சண்டையெல்லாம் கொட்டை குறைந்ததால் வருவதுதான்.

தன் பக்கத்துக் குழி ஒன்றை அள்ளி, வலப்பக்கமாக அடுத்தடுத்த குழிக்கு ஒவ்வொன்றாகப் போட்டு, வரிசை முடிந்ததும் எதிர்வரிசையில் சுற்றி வரவேண்டும். கையில் தீர்ந்ததும் அடுத்த குழியை அள்ளித் தொடரலாம். அடுத்த குழி காலியாக இருந்தால் அதைத் தடவிவிட்டு, அதற்கடுத்த குழியில் இருப்பதை எடுத்துக்கொள்ளலாம். அத்தோடு முறை எதிராளிக்கு. இரண்டு குழி சேர்ந்தாற்போல் காலியென்றால் ஒன்றும் கிடைக்காது. ஆட்டத்தின் நடுவே ஒரு குழியில் சரியாக நான்கு சேர்ந்தால் அது பசு. அந்தப் பக்கத்துக்காரர் உடனே எடுத்துக்கொள்வார். சில வீடுகளில் எதிர்க்குழியையும் சேர்த்து அள்ளுவார்கள். எந்த முறை என்பதை முதலிலேயே பேசிக்கொள்ளுங்கள்.

குன்றிமணி பார்க்க அழகுதான், ஆனால் அதன் பருப்பு கொடிய விஷம். பிள்ளை கடித்தால் உயிருக்கே ஆபத்து, வீட்டில் வைக்காதீர்கள். மூன்று வயதுக்குக் கீழ் குழந்தை இருந்தால் புளியங்கொட்டையையும் எட்டாத இடத்தில் எடுத்து வையுங்கள், தொண்டையில் அடைக்கும்.

கேள்வி: பகல் முழுக்க பீடி சுற்றுகிறேன். கழுத்தும் விரலும் கடுக்கிறது. பிள்ளையை மடியில் வைக்கக்கூட முடியவில்லை.
வாசகி, அச்சன்புதூர்

பதில்: மணிக்கு ஒருமுறை தட்டை இறக்கி வைத்து எழுந்து நில்லுங்கள். பத்துமுறை விரல்களை விரித்து மடக்கி, தோள்பட்டையைப் பின்னோக்கிச் சுழற்றுங்கள். முதுகைச் சுவரில் சாய்த்து உட்கார்ந்தால் கழுத்துக் கடுப்பு குறையும். புகையிலைத் தூளின் நஞ்சு தோல் வழியாகவும் ஏறும். பிள்ளையைத் தூக்குமுன் முழங்கை வரை சோப்புப் போட்டுக் கழுவி, சேலையையும் மாற்றுங்கள். விரல் மரத்துப்போனால் டாக்டரைப் பாருங்கள்.

கேள்வி: ஞாயிற்றுக்கிழமை குற்றாலம் கூட்டமாக இருக்கிறது. குறைந்த செலவில் வேறு எங்கே போகலாம்?
வாசகர், செங்கோட்டை

பதில்: உங்கள் ஊர் ஸ்டேஷனிலேயே வண்டி ஏறிப் புனலூர் போய் வாருங்கள். 1904-இல் போட்ட பாதை, 2018-இல் அகலப்பாதையாக முழுதும் திறந்தது. சுமார் 50 கிலோமீட்டர்தான். பகவதிபுரம் தாண்டியதும் குகை வரும்; பிள்ளைகள் கூவாமல் இருக்க மாட்டார்கள். தென்மலைக்கு முன் பதிமூன்று கண் பாலத்தின்மேல் வண்டி போகும்போது பாலம் தெரியாது. வளைவுகளைப் பார்க்க வேண்டுமானால் கீழே ரோட்டுக்குத்தான் வரவேண்டும். புனலூரில் கல்லடையாற்றின் மேல் 1877-இல் கட்டிய தொங்குபாலத்தில் நடக்கலாம்.

சாப்பாடு கட்டிக்கொண்டு போங்கள். புளிச்சோற்றை அகலத் தாம்பாளத்தில் ஆறவிட்டுத்தான் வாட்டிய வாழையிலையில் கட்டவேண்டும். சூட்டோடு கட்டினால் வியர்த்து மதியத்துக்குள் நொசநொசத்துவிடும். தயிர்ச்சோறு என்றால் குழைந்த சோற்றில் காய்ச்சி ஆறிய பாலை ஊற்றி, ஒரே ஒரு ஸ்பூன் தயிர் சேருங்கள். போய் இறங்கும்போது பதமாக உறைந்திருக்கும். இறங்கியதும் முதல் வேலையாகத் திரும்பும் வண்டியின் நேரத்தை ஸ்டேஷனில் கேட்டுக்கொள்ளுங்கள்.