பட்டறைக் கேள்வி பதில்

அக்கரைப்பற்றிலிருந்து: உழவு இயந்திரத்தின் டீசல் செம்புக் குழாய் புதிதில் கையாலேயே வளைந்தது. கழற்றி நிமிர்த்தி மறுபடி வளைத்ததும் இறுகிப்போய், வாய் விரித்தபோது வெடித்தது. குழாய் போலியா?

குழாயில் குற்றமில்லை. உலோகம் வளையும்போது அணு அடுக்கு முழுவதும் ஒரேயடியாக நகர்வதில்லை, அடுக்கில் உள்ள பிசகுக் கோடுகள்தான் நகர்கின்றன. பன்பாயை முழுதாக இழுப்பதைவிட அதில் ஒரு சுருக்கத்தை எழுப்பித் தள்ளுவது சுலபமல்லவா? வளைக்க வளைக்க இந்தக் கோடுகள் பெருகி ஒன்றையொன்று மறித்துக்கொள்ளும். நகர வழியில்லாத இடத்தில் வெடிக்கும்.

வெடித்த நுனியை வெட்டி எறியுங்கள். குழாயைக் கழற்றி, டீசலை முற்றாக வடித்து, கழுவிக் காயவைத்த பிறகே தீயில் காட்டுங்கள். சூட்டில் பிசகுக் கோடுகள் குறைந்து குழாய் மறுபடி இளகும். நிழலில் செய்யுங்கள், நம்மூர் வெயிலில் மங்கல் சிவப்புக் கண்ணுக்குத் தெரியாது. அந்தச் சிவப்பு (சுமார் 600 பாகை) வந்தவுடன் நிறுத்துங்கள். மிஞ்சினால் உள்ளே மணிகள் (உலோகத்தின் நுண்படிகங்கள்) பருத்து, விரிக்கும்போது மேற்பரப்புச் சொரசொரக்கும். தண்ணீரில் போட்டாலும் ஆறவிட்டாலும் ஒன்றுதான். செம்பு உருக்கைப்போல இறுகாது. பூட்டும்போது கிளிப் போட மறக்காதீர்கள், இல்லாவிட்டால் இஞ்சின் அதிர்வே அதைத் திரும்ப இறுக்கிவிடும். பம்பிலிருந்து இஞ்செக்டருக்குப் போகும் உருக்குக் குழாயில் மட்டும் இந்த வேலை வேண்டாம்.

கல்லடியிலிருந்து: படகுக் கூரைக்கு 6061-டி6 அலுமினியக் குழாயில் சட்டம் அடித்தோம். வெல்டிங் உடையவில்லை, அதன் பக்கத்தில்தான் வளைந்தது.

6061 என்பது ஒரு அலுமினியக் கலவை, டி6 என்பது அதைச் சூட்டில் பலப்படுத்திய நிலை. அதில் மக்னீசியம் சுமார் 1 சதவீதம், சிலிக்கன் 0.6 சதவீதம். தொழிற்சாலையில் 175 பாகையளவில் சில மணிநேரம் வைக்கும்போது இவை நுண்துகள்களாகி, பிசகுக் கோடுகளை மறிக்கும். வெல்டிங் சூடு அந்தத் துகள்களைக் கரைக்கும், அல்லது பருக்க வைக்கும். வெல்டிங் தையலிலிருந்து 25 மில்லிமீற்றர் வரை பலம் அரைவாசிக்கும் கீழே இறங்கலாம். மேலே இன்னொரு தையல் போடுவது வீண், சூடுதான் கூடும். பாரம் அதிகம் விழும் இடத்தைவிட்டு மூட்டைத் தள்ளி வையுங்கள், அல்லது உள்ளே ஒரு குழாயைச் செருகி போல்ட் போடுங்கள். துருப்பிடிக்காத உருக்கு போல்ட் என்றால் நைலோன் வாஷர் அவசியம். வாவியின் உப்புநீரில் அலுமினியத்தைத்தான் முதலில் அரிக்கும். தகடு வேலைக்கு 5083 என்ற அலுமினியக் கலவை நல்லது. அதில் 4 சதவீதத்துக்கு மேல் கரைந்திருக்கும் மக்னீசியமே பலம் தருவதால் வெல்டிங்கில் இழப்புக் குறைவு.

காத்தான்குடியிலிருந்து: 22 கரட் நகையில் செம்பு எதற்கு?

8 கிராம் பவுனில் 7.33 கிராம்தான் தங்கம். செம்பு அணு சிறியது, அடுக்கை நெளித்துப் பிசகுகளைத் தடுக்கும். வெள்ளி அணு ஏறக்குறையத் தங்கத்தின் அளவே, தடுப்பும் குறைவு. வெள்ளி மட்டும் கலந்தால் நிறம் வெளிறும், காப்பும் சீக்கிரம் நெளியும்.