அந்தப் புள்ளிகள் யாருடையவை?

கேள்வி: மெல்பர்னில் பன்னிரண்டு ஆண்டுகளாக வசிக்கும் ஓவியர் நான். எங்கள் சமூக நிலையத்தின் சுவருக்காக, நம் புள்ளிக்கோலத்தையும் ஆஸ்திரேலியப் பூர்வகுடிகளின் புள்ளி ஓவியத்தையும் இணைத்து முழு வரைபடம் தயாரித்தேன். மெல்பர்ன் பகுதியின் பூர்வகுடிகளான வுருண்ட்ஜெரி இனத்தைச் சேர்ந்த தோழியிடம் அதைக் காட்டி, அவர் பங்கை வரைந்து தரும்படி கேட்டேன். "பெரியவர்களிடம் கேட்க வேண்டும்" என்றவர், இரண்டு மாதமாகப் பதில் தரவில்லை. என் தவறு என்ன?

பதில்: அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் தோழி சாக்குச் சொல்லவில்லை என்றே நினைக்கிறேன். பூர்வகுடி மரபில் ஒரு கதையையோ சின்னத்தையோ வரையும் உரிமை ஓவியரின் கையோடு முடிந்துவிடுவதில்லை. அது குலத்துக்கும் அந்தக் குலத்தின் நிலத்துக்கும் உரியது. 1998இல் ஆஸ்திரேலியக் கூட்டாட்சி நீதிமன்றமே, புலுன் புலுன் என்ற ஓவியரின் வழக்கில், அத்தகைய படைப்பைப் பொறுத்தவரை ஓவியர் தம் குலத்துக்குக் கடமைப்பட்டவர் என்று ஏற்றுக்கொண்டது. ஆகவே உங்கள் தோழி தம் குலத்துப் பெரியவர்களிடம் கேட்கத்தான் வேண்டும். அதற்கு இரண்டு மாதம் அதிகமும் அன்று.

பிழை வேறிடத்தில் இருக்கிறது. உலகம் அறிந்த அந்தப் புள்ளி ஓவியம் மத்திய ஆஸ்திரேலியப் பாலைவனத்தில், பப்புன்யா என்ற குடியிருப்பில் 1971இல் எழுந்த இயக்கத்தின் வழியே வந்தது. வெளியார் காணக் கூடாத சடங்குக் குறிகளை மறைப்பதற்கும் அங்கே புள்ளிகள் உதவின. மெல்பர்னை உள்ளடக்கிய தென்கிழக்கு மக்களின் பழைய கேடயங்களிலும் பொசம் என்ற மரவாழ் விலங்கின் தோலால் ஆன போர்வைகளிலும் நாம் மிகுதியாகக் காண்பவை கோடுகளும் சாய்சதுரங்களும்தான். வுருண்ட்ஜெரிப் பெண்ணிடம் பாலைவனப் புள்ளிகளைக் கேட்பது, தஞ்சாவூர் ஓவியரிடம் பீகாரின் மதுபனி ஓவியம் வரைந்து தரச் சொல்வதைப் போன்றது. நம் கோலத்திலோ புள்ளி, கம்பி சுற்றிவர வைக்கும் அடையாளம். இரண்டுக்கும் உள்ள ஒற்றுமை கண்ணளவில் மட்டுமே. (கோலத்தைக் கையில் வைத்திருப்பவருக்கு இந்த ஆசை வருவது இயல்புதான், எனக்கும் வந்திருக்கும்.)

இதற்கு ஒரு முன்கதை உண்டு. லாத்வியப் பெற்றோருக்குச் சிட்னியில் பிறந்த ஓவியர் இமன்ட்ஸ் டில்லர்ஸ், 1985இல் வால்பிரி என்ற பாலைவனப் பூர்வகுடி இனத்து ஓவியர் மைக்கேல் நெல்சன் ஜகமாராவின் படைப்பிலிருந்து அனுமதியின்றி எடுத்துத் தம் ஓவியம் ஒன்றில் சேர்த்தார். அது பெரும் கண்டனத்துக்கு உள்ளானது. பூர்வகுடி மரபில் வந்த கோர்டன் பென்னட் 1990இல் ஓவியத்தாலேயே அதற்கு மறுமொழி தந்தார். ஆனால் 2001 முதல் டில்லர்ஸும் ஜகமாராவும் சேர்ந்தே வரைந்தார்கள். முதலாவதில் ஜகமாரா வெறும் மூலப்பொருள். பின்னதில் தம் குறிகளைத் தாமே முடிவுசெய்து இட்ட ஓவியர். உங்கள் வரைபடம் எந்தப் பக்கம் நிற்கிறது என்பதைச் சொல்ல வேண்டியதில்லை: தோழி வருமுன்பே அவருடைய பாதியையும் நீங்களே முடித்துவிட்டீர்கள்.

அடுத்த முறை சந்திக்கும்போது அந்தத் தாளை எடுத்துச் செல்லாதீர்கள். இந்தச் சுவரில் எதையேனும் வரைய அவருக்கு விருப்பமுண்டா என்று மட்டும் கேளுங்கள். உண்டு என்றால், உங்களுக்குரிய அதே ஊதியம் அவருக்கும், ஆலோசனை தரும் பெரியவர்களுக்குத் தனித் தொகையும் வேண்டும் என்று நிலையத்திடம் இப்போதே எழுத்தில் பெற்றுவிடுங்கள். சுவரின் படத்தை நாட்காட்டியிலோ துணிப்பையிலோ அச்சிடுவதானால் ஒவ்வொரு முறையும் மீண்டும் அனுமதி கேட்க வேண்டும் என்பதும் அந்த ஒப்பந்தத்தில் இருக்கட்டும். விருப்பமில்லை என்றால், காரணம் கேட்காமல், உங்கள் கோலத்தை மட்டும் வரையுங்கள்.