வகுப்பில் வரலாறு எப்போது பேசலாம்?

கேள்வி: குழந்தைகளுக்குக் கராத்தே கற்றுக்கொடுக்கிறேன். ஒன்றரை மணி நேர வகுப்பில் முதல் அரை மணி நேரம் கலையின் வரலாறும் தத்துவமும் பேசுகிறேன். பிள்ளைகள் நெளிகிறார்கள், பெற்றோர் பயிற்சி போதவில்லை என்கிறார்கள். பேச்சை நிறுத்தினால் வெறும் உடற்பயிற்சியாகிவிடுமே?

பதில்: உங்கள் அச்சம் நியாயமானது. ஆனாலும் அந்த அரை மணி நேரத்தை உடனே பயிற்சிக்குத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். ஓடியாட வந்த பிள்ளையை உட்காரவைத்துச் சொல்வது காதில் ஏறாது.

1882இல் கோடோகன் என்ற பயிற்சிப் பள்ளியைத் தொடங்கி ஜூடோவை வகுத்த ஜிகோரோ கானோ, கட்டா (வரிசைப்படுத்திய அசைவுகளின் பயிற்சி), ரண்டோரி (எதிராளியோடு கட்டற்று மோதிப் பழகுவது) இரண்டோடு விரிவுரையையும் கேள்வி பதிலையும் பயிற்றுமுறையில் சேர்த்தார். நாம் விரிவுரையைப் பிடித்துக்கொண்டு கேள்வியை விட்டுவிட்டோம். ஹெயான் என்ற கராத்தே கட்டாவை வியர்க்க வியர்க்கச் செய்து முடித்ததும், "இது யாருக்காக உருவானது தெரியுமா?" என்று கேளுங்கள். ஜப்பானின் ஒகினாவாத் தீவைச் சேர்ந்த கராத்தே ஆசான் இதோசு அங்கோ 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பள்ளிப் பிள்ளைகளுக்காக அமைத்தது என்று சொன்னால், நம் வயதுப் பிள்ளைகளுக்கா என்று நிமிர்ந்து பார்ப்பார்கள். இரண்டு நிமிடம் போதும்.

தத்துவத்துக்கு அதைவிடக் குறைவாகப் பேசலாம். நான் ஜூடோ கற்பிப்பவள். எறிந்தவர் எதிராளியின் சட்டைக்கையை விடாமல் மேல்நோக்கி இழுத்துப் பிடிக்க வேண்டும் என்று முதல் வாரத்திலிருந்தே வற்புறுத்துவேன். விழுபவர் தலை அடிபடாமல் இறங்க அந்தப் பிடிதான் துணை. தானும் பிறரும் சேர்ந்து வளர வேண்டும் என்ற கானோவின் கொள்கையை இதைவிடத் தெளிவாக எனக்கு விளக்கத் தெரியாது. கையை விட்டுவிட்டால் பயிற்சியை அங்கேயே நிறுத்தி, ஏன் பிடிக்க வேண்டும் என்று விழுந்தவனையே சொல்லச் சொல்வேன்.

பொய் வரலாறு மட்டும் வேண்டாம். சீனாவின் ஷாவ்லின் மடத்துத் துறவிகளுக்குப் போதிதர்மர் போர்க்கலை கற்பித்தார் என்று பலர் உறுதியாகச் சொல்கிறார்கள். அவரை அக்கலையோடு இணைக்கும் எழுத்துகள் 17ஆம் நூற்றாண்டில்தான் தோன்றுகின்றன. அவரோ அதற்கு ஆயிரம் ஆண்டுகளுக்கும் மேல் முந்தியவர். அழகான கதைதான், கதை என்று சொல்லியே சொல்லுங்கள். வளர்ந்தபின் உண்மையைப் படிக்கும் மாணவன், நீங்கள் கற்பித்த தற்காப்பையும் சேர்த்தே சந்தேகிப்பான்.

பதினைந்து வயதைத் தாண்டியவர்களுக்கு நீண்ட பேச்சும் பிடிக்கும். வகுப்பு முடிந்தபின் விரும்புகிறவர்கள் மட்டும் இருக்கட்டும். குறை சொன்ன பெற்றோரையும் ஒருநாள் அங்கே உட்காரச் சொல்லுங்கள்.